பதில் வராத அழைப்பு: ஆர்பிசி மரபுகளும் அவற்றின் அளவுகோலும்

ஒரு கணினியில் ஓடும் நிரல், வேறொரு கணினியில் நடக்க வேண்டிய வேலையைத் தன் கூரைக்குள் நடப்பது போலவே பெயர் சொல்லிக் கூப்பிட்டு முடித்துக்கொள்கிறது. இதற்குத் தொலைநிலைச் செயல்முறை அழைப்பு என்று பெயர். துறைக்குள் ஆர்பிசி என்பார்கள். நம் சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என்று எந்தத் தொழிலின் கணக்கு அறைக்குப் போனாலும், பில் போடும் மென்பொருளுக்குள் இப்படிப்பட்ட அழைப்புகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இதற்கென்று திறமூல நிரலகங்கள் பல வந்துவிட்டன. எது வேகமானது, எது சுருக்கமானது என்றுதான் பெரும்பாலும் ஒப்பிடுகிறார்கள். கேட்டதற்குப் பதில் வராதபோது அந்த நிரலகம் என்ன செய்கிறது என்பதையே முதல் அளவுகோலாக வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூலவர்கள்

இந்த எண்ணம் 1976-லேயே ஜேம்ஸ் வைட் எழுதிய ஆர்எஃப்சி 707 ஆவணத்தில் இருக்கிறது. அதை முழுமையாகச் செய்துகாட்டி இலக்கணம் வகுத்தவர்கள் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் இருந்த ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் இருவரும். அவர்களுடைய கட்டுரை வெளிவந்த ஆண்டு 1984. சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியும் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் கல்லூரியும் தொடங்கியது அதே ஆண்டில்தான். நம் வட்டாரப் பொறியியல் கல்விக்கும் இந்த மரபுக்கும் ஒரே வயது.

அவர்கள் வகுத்த அமைப்பு இன்றும் மாறவில்லை. கூப்பிடுகிற பக்கம் ஒரு ஸ்டப், வேலை செய்கிற பக்கம் ஒரு ஸ்டப். முதலாவது, விவரங்களைப் பைட் வரிசையாகக் கட்டி அனுப்பும். இரண்டாவது, அதைப் பிரித்து வேலை வாங்கி, விடையைக் கட்டித் திருப்பும். இரண்டையும் மனிதர் எழுதுவதில்லை. இடைமுக வரையறையை மட்டும் நாம் எழுதினால் போதும், கருவியே ஸ்டப்புகளை உருவாக்கிவிடும். விடை வந்துவிட்டால் வேலை சரியாக ஒருமுறை நடந்திருக்கிறது. வராமல் பிழை வந்தால் ஒருமுறை நடந்திருக்கலாம், நடக்காமலும் இருக்கலாம். இதை அவர்கள் அன்றே ஒளிக்காமல் எழுதிவைத்தார்கள்.

நான்கு மரபுகள்

முதலாவது சன் மரபு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தன் என்எஃப்எஸ் கோப்பு முறைக்காக உருவாக்கிய இது, 1988-ல் ஆர்எஃப்சி 1050 ஆகப் பொதுவில் வந்தது. 'ஆர்பிசிஜென்' என்ற கருவியும் 'எக்ஸ்டிஆர்' என்ற தரவு வடிவமும் இதன் இரு தூண்கள். மூலநிரல் வெகுகாலமாகவே பலர் கையில் இருந்தாலும், உரிமத்தின் வாசகத்தில் இருந்த சிக்கல் பிஎஸ்டி உரிமத்துக்கு மாறிய பிறகு 2010-ல்தான் முழுமையாகத் தீர்ந்தது.

இரண்டாவது பொருள்நோக்கு மரபு. 1991-ல் கோர்பா, 1997-ல் ஜாவாவோடு வந்த ஆர்எம்ஐ. தொலைவில் இருக்கும் பொருளும் பக்கத்தில் இருக்கும் பொருளும் நிரலருக்கு ஒன்றுபோலவே தெரிய வேண்டும் என்பது கோர்பா காலத்துப் பெருங்கனவு. 1994-ல் ஜிம் வால்டோவும் சன் ஆய்வகத் தோழர்களும் இதை மறுத்து எழுதினார்கள். தாமதமும் பாதி வழியில் அறுந்துபோவதும் வலையமைப்பின் இயல்பு. அதை மறைக்கிற இடைமுகம் நிரலரை ஏமாற்றும் என்பது அவர்கள் வாதம். இந்த மரபு நமக்குக் கொடுத்த பெரிய கொடை அந்த எச்சரிக்கைதான்.

மூன்றாவது எழுத்து மரபு. 1998-ல் டேவ் வைனர் முன்னின்று கொண்டுவந்த எக்ஸ்எம்எல்-ஆர்பிசி, அதிலிருந்து வளர்ந்த சோப், பிறகு ஜேசான்-ஆர்பிசி. அனுப்புவதைக் கண்ணால் படிக்கலாம், எந்த மொழியிலும் ஒரு மாலைப்பொழுதில் எழுதிவிடலாம் என்பதால் இது வேகமாகப் பரவியது.

நான்காவது இரும மரபு. 2007-ல் ஃபேஸ்புக் திறந்துவிட்ட த்ரிஃப்ட், 2008-ல் கூகுள் திறந்துவிட்ட புரோட்டோகால் பஃபர்ஸ், அதன்மேல் 2015-ல் வந்த ஜிஆர்பிசி. கூகுள் உள்ளுக்குள் நெடுநாள் ஓட்டிய 'ஸ்டபி' என்ற அமைப்பின் வாரிசு இது. எச்டிடிபி/2 மேல் ஓடும் ஜிஆர்பிசி இன்று அப்பாச்சி உரிமத்தில், 2017 முதல் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷனின் பராமரிப்பில் இருக்கிறது.

மரபுகளின் குணத்தை ஒரே சொல்லை வைத்துப் பார்த்துவிடலாம். 'சிவகாசி' என்ற சொல் யுனிகோடில் 7 குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் குறியீட்டுக்கு 3 பைட் வீதம் 21 பைட். எக்ஸ்டிஆர், நீளத்துக்கு 4 பைட் முன்னால் வைத்து, நான்கின் மடங்காக்கப் பின்னால் 3 சுழியம் சேர்க்கும்: 28 பைட். எக்ஸ்எம்எல்-ஆர்பிசி, திறக்கும் குறிகளும் மூடும் குறிகளும் போட்டு 53 பைட் ஆக்கும். புரோட்டோகால் பஃபர்ஸ் புல எண்ணுக்கு ஒன்று, நீளத்துக்கு ஒன்று என 23 பைட்டில் முடிக்கும். சிக்கனம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் 53 பைட்டைப் பிழை தேடுபவர் நேரே படிக்கலாம். 23 பைட்டைப் படிக்க வரையறைக் கோப்பு கையில் வேண்டும்.

அளவுகோல்கள்

முதல் அளவுகோல் கெடு. பிரெல், நெல்சன் அமைப்பில் எதிர்ப்பக்கக் கணினி உயிரோடு இருக்கும்வரை கூப்பிட்டவர் எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும். ஜிஆர்பிசியில் ஒவ்வோர் அழைப்புக்கும் கெடு வைக்கலாம். ஆனால் நிரலர் வைக்காவிட்டால் கெடுவே கிடையாது. கெடு தாண்டினால் 4 என்ற நிலைக்குறி வரும். வேலை வெற்றிகரமாக முடிந்திருந்தாலும் இந்தக் குறி வரக்கூடும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. 'தோற்றுவிட்டது' என்று அதைப் படிக்கிற நிரலர் மறுபடி அனுப்புவார். வேலை இருமுறை நடந்துவிடும்.

ஆகவே இரண்டாம் அளவுகோல், ஒரே வேண்டுகோள் இருமுறை வந்தாலும் ஒருமுறை மட்டுமே பலிப்பது. இதை எந்த நிரலகமும் தானாக முழுமையாகத் தந்துவிடாது. வேண்டுகோளுக்கென்று மாறாத ஓர் அடையாளம் வேண்டும். இதற்கு நல்ல சான்று நம் ஊர்க் கணக்கு அறைகளிலேயே இருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள், 2023 ஆகஸ்ட் 1 முதல், மற்ற நிறுவனங்களுக்குப் போடும் பில்லை ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் தளத்தில் பதிய வேண்டும். கணக்கு மென்பொருள் பில்லை ஜேசான் வடிவில் அனுப்புகிறது. தளம் 64 எழுத்துப் பதிவெண்ணும் கையொப்பமிட்ட க்யூஆர் குறியும் திருப்பித் தருகிறது. ஆர்பிசி என்று யாரும் அதை அழைக்காவிட்டாலும் வேலை அதே வேலைதான்.

அந்தப் பதிவெண் போகிற போக்கில் கொடுக்கப்படுவதல்ல. விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகிய நான்கிலிருந்து கணக்கிடப்படுவது. தீபாவளிக்கு முன் லோடு ஏறி லாரி நிற்கிறது, இணைப்பு அறுந்து பதில் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்பிள்ளை அதே பில்லை மறுபடி அனுப்பினால், ஏற்கெனவே பதிவானது என்று தளம் திருப்பிவிடும். ஒரே சரக்குக்கு இரண்டு பதிவு விழாது. பதற்றத்தில் புதிய பில் எண் போட்டு அனுப்பினால்தான் கெட்டது. மென்பொருள் எழுதுபவர் அந்தத் தவறுக்கு வழியே இல்லாமல் எழுத வேண்டும்.

மூன்றாம் அளவுகோல், ஒப்பந்தம் காலத்தைத் தாங்குவது. ஆலையில் இருக்கும் மென்பொருளும் தொலைவில் இருக்கும் சர்வரும் ஒரே நாளில் புதுப்பிக்கப்படுவதில்லை. புரோட்டோகால் பஃபர்ஸ், புலத்தின் பெயரை அனுப்பாமல் எண்ணை அனுப்புகிறது. புதுப் புலம் சேர்த்தால் பழைய நிரல் அதைத் தாண்டிப் போய்விடும். நீக்கிய எண்ணை மறுபடி வேறொன்றுக்குக் கொடுக்கவே கூடாது. இந்த ஒரு விதியைக் காக்கிற குழுவின் மென்பொருள் பல ஆண்டு ஓடும்.

நான்காவது, மூலநிரல் திறந்திருப்பது. ஆவணம் சொல்வது ஒன்று, நிரல் செய்வது ஒன்றாக இருந்தால், திறந்துபார்த்து உறுதிசெய்யும் உரிமை சிறிய ஊரின் சிறிய குழுவுக்கும் கிடைக்கிறது.

நம் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நிரலகத்தை எடுத்ததும் வேகத்தை அளக்கப் போகாதீர்கள். வேலை முடிந்து விடை கிளம்பும் நொடியில் சர்வரை நிறுத்திவிட்டு, கூப்பிட்ட பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிறகு மறுபடி அனுப்பி, பதிவு ஒன்றா இரண்டா என்று எண்ணிப் பாருங்கள். ஆண்டு முழுதும் உழைத்துச் சில வாரங்களில் விற்றுமுடிக்கும் தொழில் நம்முடையது. அந்த வாரங்களில் பதில் தாமதமானால் பொறுத்துக்கொள்ளலாம்; ஒரு பில் இரண்டாகிவிடுவதைப் பொறுக்க முடியாது.