சுவரோவியமும் சுவருடைமையும்

சுவரோவியத்தை மக்கள் கலையெனப் போற்றுவோர், சுவர் யாருக்குரியது என்று வினவுவதில்லை. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மெக்சிக்க ஓவியர் சிக்கேய்ரோஸ் 1932இல் தீட்டிய 'வெப்பமண்டல அமெரிக்கா' சிலுவையில் அறையப்பட்ட பூர்வகுடியை மையமாகக் கொண்டது. அப்பகுதியைச் சுற்றுலாத் தெருவாக வளர்த்தோருக்கு அது ஒவ்வவில்லை. சில ஆண்டுகளுள் முற்றாக வெள்ளையடிக்கப்பட்டது. பொதுமக்கள் அதனை மீண்டும் கண்டது 2012இலேயே.

சான் பிரான்சிஸ்கோ மகளிர் கட்டடத்தில் 1994இல் ஏழு பெண் ஓவியர் கூட்டாகத் தீட்டிய 'மேஸ்ட்ராபீஸ்' இக்கதிக்கு ஆளாகாமைக்குக் கலைமேன்மை மட்டும் காரணமன்று. 1979இலேயே பெண்கள் அமைப்பினர் அக்கட்டடத்தை விலைக்கு வாங்கியிருந்தனர்.

ஆயினும் அவ்வோவியம் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதன்று. குவாத்தமாலாவின் கிச்சே மாயா இனத்தவரான றிகோபேட்டா மென்சு, பண்டைப் பெண் தெய்வங்களின் வரிசையில் உயர்த்தி வைக்கப்பட்டுள்ளார். சிறுவயதிலேயே கோப்பித் தோட்டத்திற் கூலிக்கு உழைத்தவர் அவர்; அவ்வுழைப்பு இவ்வுயர்வில் மறைந்துபோகிறது. மாறாக, சுவரெங்கும் இழையும் துணிக்கோலங்களிடையே நூற்றுக்கணக்கான பெண்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. நெசவெனும் பெண்ணுழைப்பே இங்கு வடிவமாகிறது. ஓவியத்தின் வலு, எமது மதிப்பில், இவ்விடத்தேதான் உள்ளது. அப்பெயர்களை நாள்தோறும் வாசித்திருக்கக்கூடிய லத்தீன் அமெரிக்க உழைப்பாளர் குடும்பங்கள் பல, வாடகை உயர்வினால் அந்த மிஷன் பகுதியைவிட்டு ஏற்கெனவே வெளியேற்றப்பட்டுவிட்டன.