வளைவைச் சுவைக்கும் நாள்

நாகர்கோவிலில் ஆயிரம் சிசி வண்டி ஒன்றை டீக்கடை ஓரம் நிறுத்தினால் முதல் கேள்வி, "மக்கா, எவ்வளவு கொடுக்கும்?" அடுத்தது, "எவ்வளவு போவும்?" பந்தயத் தடத்தில் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கும் ட்ராக் டேக்கு முதல்முறை கிளம்பும் நம் பிள்ளைகள் பலரும் அந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடித்தான் போகிறார்கள். நேர்ப்பாதையில் முறுக்கி, மீட்டரில் ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அவ்வளவு தூரம் போயும் சாப்பாட்டில் பாதியை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்ததாகத்தான் எனக்குத் தோன்றும்.

சுசீந்திரத்தில் மார்கழித் தேரோட்டம் பார்த்தவர்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை. தேர் நேர்வீதியில் வருவது அழகுதான். ஆனால் விவரம் தெரிந்தவர்கள் போய் நிற்பது வீதி மூலையில். முட்டுக்கட்டையை எந்த நொடியில், எந்தச் சாய்வில் சக்கரத்துக்குக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் வித்தை இருக்கிறது. பந்தயத் தடமும் அப்படியே. நேர்ப்பாதைக்கு இயந்திரம் போதும். வளைவுக்கு ஆள் வேண்டும்.

நம் மாவட்டத்தில் தடம் கிடையாது. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் பந்தய வீரர் எஸ். கரிவர்தன் பெயரில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வே சிறியது, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். பெரிய வண்டிக்குத் தோதானது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைத் தடம். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை 1990இல் திறந்தது. அதற்கு முன்பெல்லாம் பந்தயம் சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள்.  வளைவுகளைச் சி-1, சி-2 என்று எண்ணால் குறிப்பிடுவார்கள். நம் ஊரிலிருந்து 700 கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். வண்டியைச் சரக்கு வாகனத்தில் ஏற்றிவிட்டு ரயிலில் போவதே நல்லது. இரவெல்லாம் நெடுஞ்சாலையில் ஓட்டிக் களைத்த உடம்புக்குக் காலையில் எந்த ருசியும் தெரியாது.

ட்ராக் டே பந்தயம் இல்லை. கோப்பையும் இல்லை, யாரையும் முந்த வேண்டிய அவசியமும் இல்லை. பழக்கத்துக்கு ஏற்பக் குழு பிரித்து, ஒரு முறைக்குப் பதினைந்து இருபது நிமிடம் விடுவார்கள். தயங்காமல் புதியவர்கள் குழுவில் பெயர் கொடுங்கள். லெதர் சூட், முழு ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்; விடவும் கூடாது. மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. வேகத்தைக் குறைத்து, காலையில் சொல்லித் தந்தபடி திரும்பி வாருங்கள். கொடியைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் காலைக் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.

கீரிப்பாறை ரப்பர் தோட்டத்து வளைவுகளில் நன்றாக ஓட்டுபவர் என்று நீங்கள் பெயர் வாங்கியிருக்கலாம். அங்கே உங்கள் கவனத்தில் பாதியை மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்: எதிரே வரும் பஸ், சருகு, மணல், குறுக்கே ஓடும் ஆடு. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றும் ஆடிக்காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். அதற்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். தடத்தில் எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். எதிரே யாரும் வருவதில்லை. இரண்டு மூன்று நிமிடத்தில் அதே வளைவு மறுபடி வருகிறது. இப்போது சொதப்பியதை அடுத்த சுற்றிலேயே திருத்திப் பார்க்கலாம். இந்தச் சலுகையை எந்தச் சாலையும் உங்களுக்குத் தராது.

முதல் ஓட்டத்தைக் கண்ணுக்குக் கொடுங்கள். முன்சக்கரத்துக்கு முன்னால் உள்ள தாரைப் பார்த்துக்கொண்டே போனால் எல்லாமே அவசரமாக நடப்பதுபோல இருக்கும். பார்வையைத் தூக்கி, வளைவின் உள்விளிம்பை வண்டி தொட வேண்டிய இடத்தைப் பாருங்கள். அங்கே போய்ச் சேருமுன்பே வெளியேறும் இடத்துக்குக் கண்ணை நகர்த்துங்கள். தடம் சட்டென்று அகலமாகிவிடும், வேகம் குறைந்ததுபோலத் தோன்றும். மீட்டரோ முன்பைவிடக் கூடுதலாகக் காட்டும். அந்த நாளின் முதல் ஆச்சரியம் இதுதான்.

கீத் கோட் 1980இல் தொடங்கிய கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் இருங்காட்டுக்கோட்டைக்கும் வந்து வகுப்பு நடத்தியிருக்கிறது. ஒரே கியரில், பிரேக் தொடாமல் ஓட்டச் சொல்வது அதன் முதல் பயிற்சி. பெரிய வண்டிக்காரருக்கு இது கசக்கும். ஆனால் பிரேக் இல்லை என்றதும் வளைவுக்குள் எந்த வேகத்தில் நுழைய வேண்டும் என்று மனம் தானாகக் கணக்குப் போடத் தொடங்கும். கியர் மாற்றும் பரபரப்பும் போய்விடும். வகுப்பில் சேராவிட்டாலும், ஆளில்லாத ஒரு சுற்றில் இதைச் செய்து பாருங்கள்.

பிறகு பிரேக். இந்த நாளின் உச்சம் இதில்தான் இருக்கிறது என்பேன். மணிக்கு 200 கிலோமீட்டரில் வண்டி ஒரு நொடிக்கு 55 மீட்டருக்கு மேல் கடக்கிறது. முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்கினால், எடை முன்னால் வந்து சேருமுன்பே டயரிடம் வேலை கேட்கிறீர்கள். முதலில் மெல்ல அழுத்துங்கள். ஃபோர்க் இறங்கும், டயர் தாரில் அழுந்தும், ஹேண்டில் கனப்பது உள்ளங்கையில் தெரியும். அதற்குப் பிறகு பலமாக அழுத்தலாம். இனி விடுவது. இறுக்கியதைவிட நிதானமாக விடுங்கள். ஃபோர்க் துள்ளாமல் எழும்போது வண்டி தானாகவே உள்ளே சாய ஆசைப்படுவதுபோல இருக்கும். வலது வளைவுக்கு வலது ஹேண்டிலை முன்னால் லேசாகத் தள்ளினால் போதும். ஆக்ஸிலரேட்டரைக் கடைசியில், வண்டி நிமிர நிமிரத்தான் திறக்க வேண்டும். நூற்றெண்பது குதிரைத்திறன் அவசியப்படும் இடம் ஒரு சுற்றில் மிகக் கொஞ்சம்.

ஓட்டம் முடிந்து பிட்டுக்கு வந்ததும் செல்போனை எடுக்காமல் டயர் பக்கம் குந்தி உட்காருங்கள். நடுப்பகுதி வழவழப்பாக இருக்கும். ஓரத்துக்குப் போகப் போக ரப்பர் சுருண்டு, கடுகளவு உருண்டைகளாக ஒட்டியிருக்கும். அது எங்கே நிற்கிறதோ அதுவரைதான் சாய்ந்திருக்கிறீர்கள். அதற்கு வெளியே தொடாத பட்டை அகலமாக இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. சாயங்காலம் அதே இடத்தை மறுபடி பாருங்கள்.

வேகக் குழு இறங்கும்போது வேலியோரம் போய் நின்று சத்தத்தைக் கேளுங்கள். புதியவரின் வண்டி வளைவுக்குள் ஒரு முறை உறுமி, அடங்கி, மறுபடி உறுமும். தேர்ந்தவரின் வண்டி ஒரே முறை தணிந்து, அங்கிருந்து ஒரே சீராக ஏறும். அவர் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றும் பாருங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் வெயிலில் லெதருக்குள் உடம்பு வற்றிவிடும். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். மூன்று மணிக்கு மேல் கை சோர்ந்து, பிரேக் போடும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் மாறத் தொடங்கினால், கடைசி ஓட்டத்தை விட்டுவிடுங்கள். கொடுத்த காசை நினைத்து இறங்க வேண்டாம். தடத்துக்காகக் குறைத்த டயர் காற்றைத் திரும்ப ஏற்றி, கழற்றிய கண்ணாடிகளை மாட்டி, ராத்திரி அங்கேயே தங்கி, காலையில் வண்டியை ஏற்றி அனுப்புங்கள்.