டி.சி.பி.யின் விநயம்

இணையத்தில் பாக்கெட்டுகளைச் சுமந்து செல்லும் ஐ.பி. என்னும் நெறிமுறை எதற்கும் உத்தரவாதம் தருவதில்லை. பாக்கெட்டின் தலைப்பில் அனுப்புகிறவரின் விலாசமும் பெறுகிறவரின் விலாசமும் இருக்கும்; வழியிலுள்ள ரௌட்டர்கள் அதைப் பார்த்து அடுத்த ரௌட்டருக்குத் தள்ளிவிடும்; நெரிசல் மிகுந்தால் யாரிடமும் சொல்லாமலே எறிந்துவிடும். பின்னால் புறப்பட்டது முன்னால் சேர்வதும், ஒன்றே இருமுறை வந்து நிற்பதும் அங்கே சகஜம். இத்தனை அசிரத்தையான பாதையின் மேல், ஓர் எழுத்தும் பிசகாத சம்பாஷணையை நடத்திக் காட்டுவதே டி.சி.பி. என்னும் நெறிமுறையின் கலை.

வின்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974 மே மாதம் வெளியிட்ட கட்டுரையில் ஒரே நெறிமுறையாகப் பிறந்த இவ்விரண்டும், பின்னர் இரண்டாகப் பிரிந்து, 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் பதிப்பித்த ஆவணங்களில் ஸ்திரமான உருவம் பெற்றன; 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் இவற்றுக்கு மாறிற்று.

டி.சி.பி. பேச்சைத் தொடங்கும் விதமே ரசிக்கத்தக்கது. உதாரணமாக, ஒரு கணினி 'சின்' என்னும் குறியோடு, தன் தொடக்க எண் 1000 என்று அறிவிக்கிறது. மறுமுனை, 'என் எண் 5000; உம்மிடம் அடுத்து எதிர்பார்ப்பது 1001' என்கிறது. முதல் கணினி, 'உம்மிடம் நான் எதிர்பார்ப்பது 5001' என்று முடிக்கிறது. மூன்றே செய்திகளில், இருவரும் பேசவும் கேட்கவும் வல்லவர்கள் என்பது இருவருக்கும் நிச்சயமாகிவிடுகிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். எண்கள் பாக்கெட்டுகளுக்கு அல்ல, பைட்டுகளுக்கு. பெற்றதை அறிவிக்கும் ஒப்புகையும் 'இது கிடைத்தது' என்று சொல்லாமல் 'இதற்கு முன்னுள்ளவை யாவும் வந்தன, அடுத்து இது வேண்டும்' என்று சொல்கிறது. ஆகையால் ஓர் ஒப்புகை வழியில் தொலைந்தாலும் பாதகமில்லை. அடுத்து வருவது அதன் பொருளையும் சேர்த்தே கொண்டுவருகிறது. ஒரே எண்ணைக் கேட்கும் ஒப்புகை மீண்டும் மீண்டும் வருமானால், அந்த இடத்தில் ஏதோ விழுந்துவிட்டது என்பதை அனுப்புகிறவர் குறிப்பறிந்து மறுபடி அனுப்பிவிடலாம்.

ஆயினும் இந்தச் சாமர்த்தியத்துக்கும் ஒரு சோதனை வந்தது. 1986 அக்டோபரில், கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும், சுமார் 400 கஜ தூரத்திலிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வினாடிக்கு 32,000 பிட் ஓடிய இடத்தில் வெறும் 40 பிட் ஊர்ந்தது. தொலைந்ததை மீண்டும் அனுப்ப வேண்டும் என்ற நற்குணமே நெரிசலை மேலும் பெருக்கியது. வான் ஜேக்கப்சன் மைக்கேல் கேரல்ஸின் துணையோடு கண்ட பரிகாரம், 1988-இல் கட்டுரையாக வெளிவந்தது: ஆரம்பத்தில் ஒரே பாக்கெட்டை அனுப்பு, ஒப்புகை வர வர அளவைக் கூட்டு, ஓர் எல்லையைத் தாண்டியபின் மிக மெதுவாகவே ஏறு, இழப்பு நேர்ந்தால் அந்த எல்லையை அப்போதைய அளவில் பாதியாக வைத்துக்கொள். ஏறுவதில் தயக்கம், இறங்குவதில் வேகம் என்னும் இந்த விநயமே பொதுப் பாதையைப் பலரும் பங்கிட்டுக்கொள்ள வழி செய்தது.

கம்பியில்லாத் தொடர்பில், அலையின் கோளாறால் தொலைந்த பாக்கெட்டையும் நெரிசலில் தொலைந்ததாகவே எண்ணி, அவசியமின்றி வேகத்தைக் குறைத்துக்கொள்வது இதன் குறைதான். ஆனால் ஜேக்கப்சனின் பரிகாரத்துக்காக வழியிலிருந்த ரௌட்டர் ஒன்றையேனும் மாற்ற நேரவில்லை, முனைகளிலிருந்த பி.எஸ்.டி. யூனிக்ஸ் மென்பொருளைத் திருத்தியதே போதுமானதாயிற்று. பாதையை எளிமையாக விட்டு, விவேகத்தை முனைகளில் வைத்த பழைய தீர்மானம், தன்னை வகுத்தவர்கள் எதிர்பாராத வியாதிக்கும் இப்படி இடம் கொடுத்துச் சிகிச்சை பெற்றுக்கொண்டதில்தான் அதன் சௌந்தரியம் பூரணமாக வெளிப்படுகிறது.