சாவடி இல்லாத எல்லை, விசா கேட்கும் எல்லை

அயர்லாந்தின் லெட்டர்கென்னியில் நர்ஸாக வேலை பார்க்கும் தோழி ஒருத்தி போன வாரம் போனில் பேசினாள். டப்ளினுக்குப் போகணும், நேரே போகிற பஸ்ஸில் ஏறலாமா கூடாதா என்று குழப்பம். "ஒரு பஸ் ஏறுறதுக்கா இவ்வளவு யோசனை?" என்று சிரித்துவிட்டேன். அப்புறம் வரைபடத்தைப் பார்த்தேன். சிரித்தது தப்பு.

லெட்டர்கென்னி இருக்கும் டொனிகால் மாவட்டம் அயர்லாந்துக் குடியரசைச் சேர்ந்தது. ஆனால் குடியரசின் மற்ற பகுதிகளோடு அதை ஒட்ட வைத்திருப்பது தெற்கே லெட்ரிம் பக்கம் உள்ள சில கிலோமீட்டர் நிலம்தான். மற்றபடி ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் வட அயர்லாந்து. டப்ளினுக்கு நேர்வழி ஸ்ட்ராபேன், ஓமா ஊர்கள் வழியாக, அதாவது பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிக்குள் புகுந்துதான் போகிறது. தோழியிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட்டும் அயர்லாந்துக் குடியிருப்பு அட்டையும். அந்த அட்டை எல்லைக்கு அப்பால் செல்லாது. சட்டப்படி பிரிட்டிஷ் விசா வேண்டும். பஸ் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டே கடந்துபோவதற்கும் அதே விசாதான்.

சரி, எல்லையில் யார் நிறுத்துவார்கள்? வழக்கமாக யாரும் இல்லை. சுமார் 500 கி.மீ. எல்லையை 200-க்கும் மேற்பட்ட இடங்களில் கடக்கலாம். 1998 பெல்ஃபாஸ்ட் உடன்படிக்கைக்குப் பின் எஞ்சியிருந்த ராணுவக் கோபுரங்களும் போய்விட்டன. வேகப் பலகையில் கிலோமீட்டர் மைலாக மாறும்போதுதான் நாடு மாறியதே தெரியும். எப்போதாவது அதிகாரிகள் பஸ்ஸில் ஏறுவதுண்டு. பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்கள் அங்கே பாஸ்போர்ட் வைத்திருக்கவே தேவையில்லை. அப்படியென்றால் அதிகாரி யாரைப் பார்த்துக் கேட்பார்? முகத்தையும் உச்சரிப்பையும் வைத்துத்தானே? இது எனக்கு உறுத்துகிறது.

1920-களிலிருந்து இருந்துவரும் 'பொதுப் பயணப் பகுதி' ஏற்பாடு இந்த இரண்டு நாட்டுக் குடிமக்களுக்கானது. மற்றவர்களுக்கு விசா கேட்கும் உரிமை இரு அரசுகளுக்கும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. என் விமர்சனம் வேறு. இந்த விதிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

உதாரணம் சொல்கிறேன். 2014-இல் இரு அரசுகளும் இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் ஒரு கூட்டு விசா ஏற்பாட்டில் கையெழுத்திட்டன. சென்னையில் விண்ணப்பித்து, அந்த முத்திரையோடு பிரிட்டிஷ் சுற்றுலா விசா வாங்கியவர் முதலில் லண்டன் போய்விட்டு அப்படியே டப்ளினும் போகலாம். தனி விசா வேண்டாம். ஐரிஷ் விசா என்றால் இதே வசதி மறுதிசையில். ஆனால் குடியிருப்பவர்களுக்கு இது கிடையாது. முதன்முறை வரும் சுற்றுலாப் பயணியை நம்பும் அரசு, வரி கட்டி, கைரேகை கொடுத்து, ஆஸ்பத்திரியில் இரவுப்பணி பார்க்கும் குடியிருப்பாளரை நம்ப மறுக்கிறது. லண்டனில் நிரந்தரக் குடியிருப்பு பெற்ற இந்தியரோ இலங்கையரோ டப்ளினுக்கு ஒரு வார இறுதி போகவும் ஐரிஷ் விசா வாங்கத்தான் வேண்டும். 

இன்னொன்று. பிரிட்டனுக்கு விசா தேவைப்படாத நாட்டவர்களுக்கு இப்போது இ.டி.ஏ. என்ற மின்னணு முன் அனுமதி கட்டாயம். அமெரிக்கச் சுற்றுலாப் பயணி டப்ளினிலிருந்து வட அயர்லாந்துக்குக் காரில் போனாலும் வேண்டும். ஆனால் அதே அமெரிக்கர் அயர்லாந்தில் குடியிருந்தால் விலக்கு! ஆக, அயர்லாந்துக் குடியிருப்புக்கு மதிப்பு உண்டு என்று பிரிட்டனே ஒத்துக்கொள்கிறது. பாஸ்போர்ட் இந்தியா, இலங்கை என்றால் மட்டும் அந்த மதிப்பு காணாமல் போகிறது.

"இதைத் தளர்த்தினால் புறவாசல் திறந்துவிடும்" என்பார்கள். ஷெங்கன் நாடுகளைப் பாருங்கள். ஒரு நாட்டின் குடியிருப்பு அட்டை இருந்தால் மற்ற நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். வேலை பார்க்கும் உரிமை அதில் வராது. இங்கேயும் அதைப்போல ஒன்று போதும்.

இப்போதைய விதி உண்மையில் யாரைத் தடுக்கிறது? ஏமாற்ற நினைப்பவரை இல்லை, அவர் பாட்டுக்குக் கடந்துபோய்விடுவார். விதியைப் படித்துவிட்டுப் பயப்படுபவரைத்தான் தடுக்கிறது. மாட்டினால் குடியிருப்பு அனுமதிக்கே ஆபத்து வருமோ என்று கணக்குப் போடுபவர் அவர்தான்.

தோழி கடைசியில் நேர்வழிப் பஸ்ஸை விட்டுவிட்டாள். ஸ்லைகோ வரை ஒரு பஸ், அங்கிருந்து ரயில். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் இருக்கும் டெர்ரி நகரை அவள் இன்னும் பார்த்ததில்லை. கூட வேலை செய்பவர்கள் சனிக்கிழமை அங்கே கடைக்குப் போகும்போது, "எனக்கு டூட்டி இருக்கு" என்று சொல்லிவிடுகிறாளாம்.