தொகையும் அட்டவணையும்: சங்கப் பாடல் தரவுகளை வினவல்வழி உருமாற்றுவதில் எழும் சிக்கல்கள்

ஆய்வுச் சுருக்கம்

சங்கத் தொகை நூல்களின் புலவர், திணை, துறைக் குறிப்புகளை உறவுநிலைத் தரவுத்தளத்தில் இட்டு, வினவல்களின் வழி எண்ணிக்கை அட்டவணைகளாக மாற்றி ஆராய்வது இன்று எளிதாகியுள்ளது. அம்மாற்றத்தின்போது தொகுப்பாளரின் திட்டம் புலவரின் விருப்பமாகவும், அறியப்படாத பெயர்கள் பல ஒரே பெயராகவும், இரு துறைகள் ஒரு துறையாகவும் திரிந்துவிட இடமுண்டு என்பதை இக்கட்டுரை சான்றுகளுடன் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: சங்க இலக்கியம், உறவுநிலைத் தரவுத்தளம், வினவல், திணை, துறை, வெற்றுமதிப்பு.

முன்னுரை

எட்கர் எஃப். காட் 1970ஆம் ஆண்டு முன்வைத்த உறவுநிலைத் தரவு மாதிரியின் அடிப்படை எளியது. செய்திகளைச் சிறு சிறு அட்டவணைகளாகப் பிரித்து வைத்தல் வேண்டும். தேவைப்படும் வடிவத்தைத் தேவைப்படும்போது வினவலால் பெறுதல் வேண்டும். ஒரே தரவிலிருந்து புலவர் வாரியான பட்டியலையும் திணை வாரியான பட்டியலையும் பெறலாம். மூலம் மாறாது நிற்கும்.

இத்தகைய மறுவரிசை தமிழ்ப் பதிப்புலகிற்குப் புதிதன்று. எஸ். வையாபுரிப்பிள்ளையைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சைவ சித்தாந்த மகா சமாஜம் 1940இல் வெளியிட்ட சங்க இலக்கியப் பதிப்பு, தொகை வரிசையை விடுத்துப் புலவர் வரிசையில் பாடல்களை அமைத்தது. அச்சில் பேருழைப்பைக் கோரிய அப்பணியை இன்று நான்கு வரி வினவல் நொடிப்பொழுதில் செய்து முடிக்கும். உழைப்புக் குறைந்ததால் அதனுள் மறைந்திருக்கும் பதிப்பாசிரிய முடிவுகளும் குறைந்துவிட்டன எனக் கொள்ளுதல் தவறு. அம்முடிவுகளை இப்போது வினவலே எடுக்கிறது. அவற்றை யாரும் முன்னுரையில் எழுதி வைப்பதில்லை.

எண்ணுள் அடங்கிய திணை

அகநானூற்றில் பாடலின் எண்ணே அதன் திணையைச் சொல்லிவிடும். ஒற்றைப்படை எண்கள் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். பத்தின் மடங்குகள் நெய்தல். தரவுத்தள நோக்கில் இது ஒரு சார்புறவு. எண் தெரிந்தால் திணை தெரியும். திணைக்கெனத் தனி நெடுவரிசை தேவையில்லை, ஒரு நிபந்தனைத் தொடரே போதும். தட்டச்சு செய்யப்பட்ட திணைப் பெயரும் எண்வழிக் கணித்த திணையும் வேறுபடும் இடங்களை மட்டும் கேட்டுப் பெற்றால், தரவில் நுழைந்த பிழைகளும் வெளிப்பட்டுவிடும். வினவல் ஆய்வாளனுக்குத் தரும் உண்மையான நன்மைகளுள் இஃது ஒன்று.

ஆயின் இதே நூலைத் திணைவாரியாக எண்ணும்போது சிக்கல் தொடங்குகிறது. பாலை 200, குறிஞ்சி 80, ஏனைய மூன்றும் தனித்தனியே 40 என விடை வரும். இவ்விடை வினவலுக்கு முன்பே தொகுப்பின் அமைப்பில் இடப்பட்டுவிட்டது. பத்துப் பாடலுக்கு ஐந்து பாலை என்பது தொகுப்பு முறையின் விதி. அதிலிருந்து புலவர் எத்திணையை மிகுதியும் விரும்பினர் என்பதை அறிய இயலாது.

ஐங்குறுநூற்றின் நிலை இன்னும் கடுமையானது. மருதம் ஓரம்போகியார், நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார் என ஒவ்வொருவருக்கும் நூறு பாடல்கள் அமைந்துள்ளன. இங்குப் புலவர் தெரிந்தால் திணை தெரியும். திணை தெரிந்தால் புலவர் தெரியும். ஆகவே இந்நூலின் நெய்தல் பகுதியில் ஒரு சொல் மிகுந்து வருமாயின், அது நெய்தலின் இயல்பா அம்மூவனாரின் இயல்பா என்பதை இந்நூலை மட்டும் கொண்டு எவ்வகை வினவலாலும் பிரித்தறிய இயலாது.

இவ்விரு நூல்களையும் ஒன்றிணைத்து எண்ணினால் பாலை 300, குறிஞ்சி 180, முல்லை 140, மருதம் 140 என வரும். ஐங்குறுநூற்றின் 129, 130ஆம் பாடல்கள் கிடைக்காமையால் நெய்தல் 138 ஆகும். ‘சங்க அகப்பாடல்களில் மூன்றில் ஒரு பங்கு பாலை’ என்றொரு முடிவு இங்கிருந்து பிறக்கக்கூடும். அம்முடிவு இரு தொகுப்புத் திட்டங்களின் கூட்டுத்தொகையேயன்றி இலக்கிய வரலாறு அன்று. பாடல் எண் திணையைக் கட்டுப்படுத்தாத குறுந்தொகையையும் நற்றிணையையும் தனியே நிறுத்தி எண்ணிய பின்னரே பாலையின் மிகுதி பற்றிப் பேசுதல் பொருந்தும். அதற்கு, நூற்பெயர் என்னும் நெடுவரிசை இறுதி அட்டவணை வரை உடன்வர வேண்டும்.

பெயரில்லாப் பாடல்கள்

பரவலாகக் குறிக்கப்பெறும் கணக்கின்படி சங்கப் பாடல்கள் 2381. பெயர் தெரிந்த புலவர் 473. ஆசிரியர் பெயர் அறியப்படாத பாடல்கள் 102. இந்த 102 பாடல்களை வினவல் எவ்வாறு நடத்துகிறது என்பது கருதத்தக்கது.

பாடல் அட்டவணையையும் புலவர் அட்டவணையையும் இருபுறமும் பொருந்துவனவற்றை மட்டும் எடுக்கும் முறையில் இணைத்தால், இவை விடையிலிருந்தே நீங்கிவிடும். பாடல் அட்டவணையை முழுமையாகக் காக்கும் இணைப்பைக் கையாண்டால் இவை தங்கும்; புலவர் பெயருக்குரிய இடத்தில் வெற்றுமதிப்பு நிற்கும். எஸ்கியூஎல் மொழியில் ஒரு வெற்றுமதிப்பு மற்றொன்றுக்குச் சமம் என்று ஒப்பிட்டால் ‘ஆம்’ என்ற விடை வாராது. எனினும் அதே மொழி, புலவர் வாரியாகக் குழுவாக்கும்போது வெற்றுமதிப்புகள் அனைத்தையும் ஒரே குழுவில் சேர்த்துவிடும். விளைவாக, 102 பாடல்களைப் பாடிய ஒரே ‘புலவர்’ அட்டவணையின் முன்வரிசையில் வந்து நிற்பார். வேறுபட்ட புலவர்களை எண்ணும் கட்டளையோ அவரை ஒருவராகக்கூடக் கணக்கிடாது.

இன்மையிலும் வகையுண்டு. நற்றிணை 234ஆம் பாடல் கிடைக்கவில்லை. இது பாடலின் இன்மை. பாடல் இருந்து பெயர் மறைந்திருப்பது மற்றொன்று. புறநானூற்றுப் பாடலுக்கு எதிரே குறிஞ்சி முதலிய ஐந்திணைகளுள் ஒன்றைக் குறிக்கும் கட்டம் வெறுமையாயிருப்பது மூன்றாவது. அங்கு நிரப்ப வேண்டியது எதுவும் இல்லை. பொருந்தக்கூடியதாயிருந்தும் கிடைக்காத மதிப்பையும், பொருந்தவே பொருந்தாத மதிப்பையும் வேறு வேறு குறிகளால் காட்ட வேண்டும் எனக் காட் தமது 1990ஆம் ஆண்டு நூலில் வற்புறுத்தினார். எஸ்கியூஎல் ஒரே வெற்றுக் குறியோடு நின்றுவிட்டது. உரையாசிரியரும் பதிப்பாசிரியரும் வேறுபடுத்திக் காட்டியவற்றை நாம் அதனுள் கொட்டிக் கலத்தல் தகாது.

இரு துறைப் பாடல்

நீண்ட பட்டியலை அகன்ற அட்டவணையாகத் திருப்புதல் ஆய்வாளர் பெரிதும் நாடும் உருமாற்றம். பாடல் எண், குறிப்பின் வகை, குறிப்பு என மூன்று நெடுவரிசைகளாக இருப்பதைத் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டோர் எனத் தனித்தனி நெடுவரிசைகளாக்குவர். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மதிப்பே அமர முடியுமாதலால், பல மதிப்புகளுள் மிகப்பெரியதைத் தேர்ந்தெடுக்கும் கட்டளை அங்கு வழக்கமாகக் கையாளப்படுகிறது.

புறநானூற்று 2ஆம் பாடலின் அடிக்குறிப்பு அதனைச் செவியறிவுறூஉ என்னும் துறையாகவும், வாழ்த்தியலாகவும் கொள்கிறது. மேற்சொன்ன கட்டளை அகர வரிசையில் பிந்தி வரும் வாழ்த்தியலை வைத்துக்கொண்டு செவியறிவுறூஉவை ஓசையின்றி நீக்கிவிடும். சிறியதைத் தேர்ந்தால் மறுதலையாக நிகழும். துறை வகுப்பில் பழையோர் கண்ட இரட்டைத்தன்மையை இங்கு அகர வரிசை தீர்த்து வைக்கிறது. பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. அட்டவணை நிறைவாகவே காட்சியளிக்கும்.

மீளும் வழி

இவற்றால் வினவல் முறை கைவிடத்தக்கது என்பது பெறப்படாது. உருமாறிய அட்டவணையிலிருந்து மூலத்திற்கு மீள இயலுமா என்பதே அதனை அளக்கும் கோல். அதற்கு நூற்பெயரும் பாடல் எண்ணும் சேர்ந்த இரட்டை அடையாளம் இன்றியமையாதது; எண்ணை மட்டும் கொண்டு இணைத்தால் குறுந்தொகை 40ஆம் பாடலோடு நற்றிணை 40ஆம் பாடலும் ஒட்டிக்கொள்ளும். துறைக் குறிப்புகள் தனி அட்டவணையில், ஒரு பாடலுக்கு எத்தனை வரிசையாயினும் ஏற்கும் வகையில் இருத்தல் வேண்டும். இன்மைக்குரிய காரணம் தனி நெடுவரிசையில் பதிவு பெறல் வேண்டும். எந்தப் பதிப்பிலிருந்து குறிப்பு பெறப்பட்டது என்பதும் உடனிருத்தல் நலம்.

முடிவுரை

பாடவேறுபாட்டைக் காட்டாத பதிப்பை நாம் செம்பதிப்பாக ஏற்பதில்லை. தன் வினவலைக் காட்டாத எண்ணிக்கை அட்டவணையையும் அவ்வாறே மதிப்பிடுதல் முறை. ஆய்வேடுகளும் ஆய்விதழ்களும் அட்டவணைக்குக் கீழே அதனை உருவாக்கிய வினவலையும், உருமாற்றத்தில் விடுபட்ட பாடல்களின் எண்களையும் அச்சிடும் வழக்கத்தை மேற்கொள்ளுமாயின், பிறர் அதனைச் சரிபார்க்க இயலும். புலவரைப் பற்றிய செய்தி எது, தொகுப்பாளரைப் பற்றிய செய்தி எது, வினவல் தானே உண்டாக்கியது எது என்பதை அப்போதுதான் படிப்பவர் பிரித்தறிவர்.