நேராகச் சுற்றினால் போதுமா?

ஆறு மாதத்தில் நான்காவது ஸ்போக்ஸ் கம்பி ஒடிந்த அன்று, பின்வீலை நானே கட்டிவிடுவது என்று முடிவெடுத்தேன். ஒவ்வொரு முறையும் கடையில் புதுக் கம்பி போட்டுப் பெண்டு எடுத்துக் கொடுத்தார்கள். வீல் நேராகத்தான் சுற்றியது. ஆனால் சில வாரங்களில் பக்கத்துக் கம்பி போய்விடும். எல்லாமே ஹப்பை ஒட்டிய வளைவில் ஒடிந்தவை. நேராகச் சுற்றும் வீலில் கம்பி ஏன் ஒடிகிறது என்பது, பார்க் டூல் நிறுவனத்தின் டிஎம்-1 டென்ஷன் மீட்டர் கைக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

கைப்பிடியை அழுத்தி, நிலையான இரண்டு முளைகளுக்கும் நகரும் ஒரு முளைக்கும் நடுவே கம்பியைக் கொடுத்துவிட்டு, பிடியை மெல்ல விட வேண்டும். ஸ்பிரிங் கம்பியைச் சற்று வளைக்கும். வளைந்த அளவை முள் ஓர் எண்ணாகக் காட்டும். அட்டவணையில் கம்பியின் கனத்துக்கு நேரே பார்த்தால் அந்த எண் எத்தனை கிலோ இழுவை என்று தெரியும்.

பழைய வீலைப் பிரிக்கும் முன் 32 கம்பிகளையும் அளந்தேன். வலப்பக்கத்தில் ஒரு கம்பி 130 கிலோ இழுத்துக்கொண்டிருந்தது. அதே பக்கத்தில் அதற்கு அடுத்தது வெறும் 60. ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டியதால் ரிம் நேராக நின்றிருக்கிறது, அவ்வளவுதான். தரைப்பக்கம் வரும்போது ஒவ்வொரு கம்பியும் கொஞ்சம் இறுக்கம் இழந்து, மேலே போகையில் மறுபடி இறுகும். 700சி வீலில் இது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 470 தடவை நடக்கிறது. ஏற்கெனவே தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் தொய்ந்து தொய்ந்து இழுபட, வளைவில் உலோகம் களைத்து ஒடிகிறது.

புதிதாகக் கட்டிய வீலுக்குப் பழைய ஹப், இரட்டைச் சுவர் ரிம், 2.0 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பிகள், மூன்று குறுக்குப் பின்னல். கோப்பது பார்வைக்குத்தான் மிரட்டும். எட்டெட்டாக நான்கு தடவை கோத்தால் முடிந்தது. வால்வு ஓட்டைக்கு இருபுறமும் கம்பிகள் இணையாகப் போக வேண்டும், இல்லையென்றால் பம்ப் தலை நுழையாது. கம்பியின் நீளத்தில் மட்டும் உத்தேசம் கூடாது. ஹப்பையும் ரிம்மையும் கையால் அளந்து கணக்குப் போட்ட பிறகே வாங்குங்கள்.

வீலை மாட்டிக் கோட்டம் பார்க்கும் ஸ்டாண்டு வாங்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பின்சட்டத்தில் கேபிள் டை கட்டி, நுனியை ரிம்மைத் தொடாமல் தொடுமளவுக்கு நறுக்கிக்கொண்டேன். ரிம் நுனியில் உரசும் சத்தமே கோட்டம் எங்கே என்று சொல்லிவிடுகிறது. கம்பியை ரிம்மில் பிடித்திருக்கும் நிப்பிளைத் திருகும் சாவி சரியான அளவில் இருக்கட்டும். தொளதொளத்த சாவி நிப்பிளின் மூலைகளை மழுக்கிவிடும்.

நிப்பிளைத் திருகும்போது கம்பியும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு கம்பியில் சின்னத் துண்டு டேப்பைக் கொடிபோல ஒட்டினேன். சாவியைக் கால் சுற்றுத் திருப்பினால் கொடியும் கூடவே திரும்புகிறது! வண்டியில் ஏறியதும் அந்த முறுக்கு அவிழ்ந்து, கட்டிய வீல் கோணிவிடும். தேவைக்குச் சற்று அதிகமாகத் திருகி, கொடி பழைய இடத்துக்கு வரும்வரை பின்னால் விட வேண்டும். பிறகு இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்திப் பிழிந்துவிட்டு, மறுபடி அளக்க வேண்டும்.

பல்சக்கரம் இடம் பிடிப்பதால் பின்வீலின் வலப்பக்கக் கம்பிகள் இடப்பக்கத்தைவிட நிமிர்ந்து நிற்கும், இறுக்கமும் அதிகம் வேண்டும். எனக்கு வலம் 110 கிலோ, இடம் 65 என்று அமைந்தது. ஒரே பக்கத்துக் கம்பிகள் சராசரியிலிருந்து 20 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பது நிறுவனத்தின் பரிந்துரை. எனக்குப் 10 சதவீதத்துக்குள் கொண்டுவர ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிடித்தது.

இவ்வகை ஸ்பிரிங் மீட்டர்கள் எல்லாமே கம்பியின் கனத்தை வைத்துத்தான் கணக்குச் சொல்கின்றன. கனத்தை 0.1 மி.மீ. தவறாக எடுத்தாலும் கிலோ கணக்கு மாறிவிடும். ஆனால் கம்பிக்குக் கம்பி ஒப்பிடுவதில் அது சொல்வதை நம்பலாம். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான். ஒரே ஒரு வீல் கட்டுபவர் இதை வாங்க வேண்டியதில்லை. ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலால் சுண்டிச் சுருதி ஒத்துவருகிறதா என்று கேட்டாலே பெரும்பகுதி தெரிந்துவிடும். வீட்டில் மூன்று நான்கு சைக்கிள் உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

1,400 கிலோமீட்டர் ஓடிய பிறகு போன வாரம் மீண்டும் அளந்தேன். இடப்பக்கத்தில் இரண்டு கம்பிகள் சற்று இளகியிருந்தன. ஆளுக்குக் கால் சுற்று. இதுவரை ஒரு கம்பியும் ஒடியவில்லை.