மஞ்சப்பை மட்டும் போதுமா?

மழை ஓய்ந்த மறுநாள் முடிச்சூர்ப் பக்கம் அடையாற்றைப் பார்த்திருக்கிறீர்களா? கரைப்புதரில் சிக்கிய பிளாஸ்டிக் பைகள் கண்ணில் படும். கண்ணில் படாத துகள்களோ, ஆற்றோடு போய்ப் பட்டினப்பாக்கம் அருகே வங்கக் கடலில் கலக்கும்.

பிளாஸ்டிக் வெயிலாலும் அலையாலும் நொறுங்குமே தவிர, எளிதில் மட்காது. 5 மில்லிமீட்டருக்கும் குறைவான துகள்களை நுண்பிளாஸ்டிக் என்பர். கடல்நீரை வடிகட்டி உண்ணும் மட்டிகளும் சிப்பிகளும் இவற்றை இரையோடு சேர்த்து உட்கொள்கின்றன. வயிறு நிரம்பும், ஊட்டம் கிடைக்காது.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. இரண்டும் வரவேற்கத் தக்கவையே. ஆயினும் இவை பையையும் குவளையையும்தான் குறிவைக்கின்றன. பாலியெஸ்டர் துணியைத் துவைக்கும்போது உதிரும் இழைகளும், சாலையில் தேயும் டயர்த் தூளும் நுண்பிளாஸ்டிக்தானே? சாக்கடையிலும் மழைநீரிலும் கலந்து அவையும் கடலைச் சேர்கின்றன. இழைகளைத் துவைக்கும் இயந்திரத்திலேயே வடிகட்டவும், சாலைத் தூளை வடிகாலிலேயே மறிக்கவும் விதிகள் வேண்டாமா?

மஞ்சப்பையை விடாதீர்கள். மீதிக் கணக்கையும் கேளுங்கள்.